பெட்ரோல் மூடியின் இரண்டு பக்கங்கள்

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையை விட்டு விலகி, கல்வராயன் மலையிலுள்ள வெள்ளிமலைக்கு ஏறும் சாலையில் போய்வந்து பழகிய கார்களின் இடப்பக்கத்தை ஒருமுறை நிதானமாகப் பாருங்கள். வலப்பக்கம் பெரும்பாலும் பிழைத்துவிடும். வளைவில் எதிரே பேருந்து இறங்கி வரும். கார்க்காரர் இடப்பக்கம் ஒதுங்குவார். அங்கே சாலையை எட்டிப் பார்த்துக்கொண்டு உண்ணிச்செடி நிற்கும். முன்கதவின் நடுவில் தொடங்கிப் பின்சக்கரத்தின் மேல்வளைவு வரை மெல்லிய கோடுகளை அது இழுத்து விட்டுப் போகும். கரும்பு வெட்டும் காலமென்றால் மலைக்கு ஏறக்கூட வேண்டாம். ஆலைக்குப் போகும் டிராக்டரின் பெட்டியில் இருபக்கமும் தோகை பிதுங்கிக்கொண்டிருக்கும். முந்தும்போது அது கதவைத் தடவிவிட்டால் போதும். கரும்புத் தோகையின் விளிம்பில் மணல் சத்து உண்டு. வயலில் இறங்கியவர்களின் முழங்கையைக் கேட்டால் சொல்லும்.

அப்படி விழுந்த ஒரு கோட்டை, அதே நிறத்தைத் தேடிப் பிடித்து, அங்கே கோடே விழவில்லை என்று சூரியனையே நம்ப வைக்கிற வேலை இருக்கிறதே, அதன் நயத்தைத்தான் இங்கே கொஞ்சம் நின்று பார்க்க ஆசைப்படுகிறேன். டச்சப் என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம். அதற்குள் இருக்கிற கண்ணின் கூர்மையும் கையின் பொறுமையும் நாள் முழுக்க அருகில் நின்று ரசிக்கத் தகுந்தவை.

முதலில் நகம். தேர்ந்த பெயிண்டர் எதையும் பேசுவதற்கு முன் கோட்டின் குறுக்கே விரல் நகத்தை மெல்ல ஓட்டுகிறார். நகம் வழுக்கிப் போனால் கோடு மேலிருக்கும் கிளியர் பூச்சில்தான் நிற்கிறது. தேய்க்கும் கம்பவுண்டும் துணியும் போதும். நகம் ஒரு கணம் தட்டி நின்றால் நிறம் வரை இறங்கியிருக்கிறது. காரின் தகட்டின் மேல் ஆலையில் பூசியது எல்லாம் சேர்ந்தே ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவுதான். துருவைத் தடுக்கத் தொட்டியில் முக்கி எடுத்த அடிப்பூச்சு, அதன் மேல் பிரைமர், அதன் மேல் நிறம், எல்லாவற்றுக்கும் மேல் கண்ணாடி போன்ற கிளியர். இதில் நிறத்தின் பங்கு ஏறக்குறைய 15 மைக்ரான். ஒரு தலைமுடியின் பருமனில் நாலில் ஒரு பங்குகூட இல்லை. நாம் ஆசை ஆசையாகத் தேர்ந்தெடுத்து வாங்கிய நிறம் அவ்வளவு மெல்லிய ஒரு படலத்தில் தங்கியிருக்கிறது என்பதை அந்த நகம் அறிந்து வைத்திருக்கிறது. எந்தப் படலத்தில் காயம் என்பதை அது ஒரே தடவலில் சொல்லிவிடுகிறது.

நிறத்துக்கு ஒரு பிறப்புச் சான்றிதழும் உண்டு. பானெட்டைத் தூக்கினாலோ, ஓட்டுநர் கதவைத் திறந்து தூணைப் பார்த்தாலோ, சிறிய தகட்டிலோ ஸ்டிக்கரிலோ இரண்டு மூன்று எழுத்துகளும் எண்களும் இருக்கும். மாருதியின் சுப்பீரியர் ஒயிட் என்றால் 26யூ. சில்கி சில்வர் என்றால் இசட்2எஸ். இந்தக் குறியைச் சொன்னால் கலவைக் கடையின் கணினி எந்த மூலநிறம் எத்தனை கிராம் என்று வரிசையாகக் கொடுத்துவிடும். ஆலைக்கு ஆலை, தொகுதிக்குத் தொகுதி நிறம் ஓர் இழை விலகும் என்பதால், ஒரே குறிக்குக் கீழே இரண்டு மூன்று மாற்றுக் கலவைகளும் இருக்கும். பலர் இங்கேயே வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். குறியைப் பார்த்து வாங்கிய சின்னப் புட்டியைத் திறந்து தீற்றிவிட்டு, பக்கத்தில் நின்று பார்த்தால் தீற்றல் தனியாகத் தெரிகிறதே என்று வருந்துகிறார்கள். கலவை தப்பில்லை. அது கார் பிறந்த நாளின் நிறம். கார் அதற்குப் பிறகு எத்தனையோ கோடைகளைத் தாண்டி வந்துவிட்டது.

இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த பொருள் மேடைக்கு வருகிறது. பெட்ரோல் மூடி.

டேங்க் வாயை மறைக்கிற அந்தச் சின்ன மூடியைக் கழற்றி, நாளிதழில் சுற்றி, ஸ்கூட்டர் பெட்டியில் வைத்துக்கொண்டு கலவைக் கடைக்குப் போவது நம் பட்டறைகளின் பழைய வழக்கம். காரையே கடை வாசலில் நிறுத்த முடியாது. கதவைக் கழற்றித் தூக்கிப் போக முடியாது. மூடி உள்ளங்கையில் அடங்குகிறது. வசதிக்காக வந்த வழக்கம்தான். ஆனால் அந்த மூடியைக் கையில் வாங்கிப் பார்த்தால், இதைவிட அழகான மாதிரியை யோசித்துக்கூடக் கண்டுபிடித்திருக்க முடியாது என்று தோன்றும். வெளிப்பக்கம் கார் பட்ட வெயில் முழுவதையும் பட்டிருக்கிறது. கள்ளக்குறிச்சியின் சித்திரை வெயில், உளுந்தூர்பேட்டைக்கும் சேலத்துக்கும் இடையே நால்வழிச் சாலையின் புழுதி, வாரம் தவறாத கழுவல், துடைத்த துணியின் உரசல், எல்லாம் அதில் பதிந்திருக்கின்றன. உள்பக்கமோ இருட்டில் இருந்தது. பூச்சு அங்கே கொஞ்சம் மெலிதாக விழுந்திருக்கும். ஆனாலும் நிறம் பிறந்தபோது இருந்தபடியே, இளமை குலையாமல் இருக்கிறது.

மூடியைத் திருப்பித் திருப்பிப் பாருங்கள். ஒரே குறி, ஒரே ஆலை, ஒரே நாள். இந்தப் பக்கம் குளிர்ந்த தூய வெள்ளை. அந்தப் பக்கம் மஞ்சளின் நிழல் ஒன்று மெல்லப் படர்ந்த, கனிந்த வெள்ளை. சிவப்புக் காரின் மூடியென்றால் வித்தியாசம் இன்னும் உருக்கமானது. சிவப்புச் சாயங்கள் பல வெயிலுக்குச் சீக்கிரம் இணங்கிவிடுபவை. உள்ளே ஆழ்ந்த மாதுளை. வெளியே வெளிறி இளகிய செங்கல். இந்த இரண்டு பக்கங்களுக்கும் நடுவில் உள்ள தூரத்தைத்தான் பெயிண்டர் கடக்க வேண்டும். கணினி உள்பக்கத்தைக் கொடுக்கிறது. வெளிப்பக்கத்தைக் கண்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

அதிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. மூடி பக்கவாட்டில் நிற்பது. கதவுகளுக்கும் பக்கப் பலகைக்கும் அது நேர்மையான சாட்சி. பானெட்டுக்கும் கூரைக்கும் அல்ல. அவை வானத்தைப் பார்த்துப் படுத்திருப்பவை. நண்பகல் வெயில் அவற்றின் மேல் நேராக இறங்குகிறது. ஆகவே பத்து வயதான ஒரு காரில் ஒரு நிறம் இல்லை. கூரைக்கு ஒன்று, கதவுக்கு ஒன்று, எப்போதும் ஒரே சுவர் ஓரமாக நிழல் பக்கம் நிறுத்தப்பட்ட வண்டியென்றால் இடக்கதவுக்கும் வலக்கதவுக்கும்கூட மெல்லிய பேதம். நாம் எல்லாவற்றையும் சேர்த்து வெள்ளைக் கார் என்கிறோம். பானெட்டில் கல் பட்டால் நல்ல பெயிண்டர் மூடியை ஒதுக்கிவிட்டு பானெட்டுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்வார்.

நிறம் பார்ப்பதற்கு முன் காரைக் குளிப்பாட்ட வேண்டும். கழுவினால் மட்டும் போதாது. காயத்தின் பக்கத்தில் ஒரு கையகல இடத்தை கம்பவுண்டு போட்டு மெல்லத் தேய்த்து, மேலே மங்கிப்போன தோலை எடுக்க வேண்டும். கல்வராயன் மலையடிவாரத்துச் செம்மண் தூசி வெள்ளைக் காருக்குக் கொடுக்கிற இளஞ்சிவப்புச் சாயல் நீங்கினால்தான் அடியில் இருக்கும் உண்மையான வெள்ளை தெரியும். அந்தக் கையகல இடம் மட்டும் மெல்ல விழித்துக்கொண்டு, சுற்றிலும் இருக்கும் மங்கலுக்கு நடுவில் ஈரமாக ஒளிரும் தருணம் பார்க்க அவ்வளவு அழகு. இனி அதுதான் அளவுகோல். அழுக்குக்குச் சேர்த்துக் கலந்த நிறம் அடுத்த மழையில் காட்டிக்கொடுத்துவிடும்.

கலவைக் கடையில் எலக்ட்ரானிக் தராசின் மேல் காலி டப்பா. சுவரோரம் மூலநிற டின்கள் வரிசையாகச் சுழன்றுகொண்டிருக்கும். சுழலாவிட்டால் நிறத்தூள் அடியில் படிந்துவிடும். முதலில் வெள்ளை. டைட்டானியம் டையாக்சைடு என்கிற அந்தப் பால்வெண்மையான தூள்தான் இன்றைய வெள்ளைகளுக்கெல்லாம் தாய். அது வழவழவென்று, அவசரமில்லாமல், தடித்த நாடாவாக டப்பாவுக்குள் இறங்கி மடிந்து மடிந்து படிவதைப் பார்க்கும்போது, இதற்கு மேல் இதில் சேர்க்க என்ன இருக்கிறது என்று தோன்றும். சேர்க்க இருக்கிறது. வெறும் வெள்ளையாக எந்தக் காரும் இல்லை. கறுப்பு ஒரு சொட்டு, ஆக்சைடு மஞ்சள் ஒரு சொட்டு, சில வெள்ளைகளில் நீலத்தின் சாயலும் உண்டு. நூறு மில்லி கலவையில் கறுப்பின் எடை கிராமின் சின்னப் பின்னம்தான். ஒரு சொட்டு கூடினால் வெள்ளை சாம்பலாகி வாடிவிடும். ஒரு சொட்டு குறைந்தால் சுண்ணாம்பாக வெளிறி நிற்கும். தமிழ்நாட்டுச் சாலைகளில் திரும்பிய பக்கமெல்லாம் வெள்ளைக் கார்தான். ஆனாலும் சேர்ப்பதற்கு வெள்ளையே கடினமானவற்றில் ஒன்று. ஆழ்ந்த நிறங்களில் சின்னப் பிழை மூழ்கிவிடும். வெள்ளையில் ஒளிந்துகொள்ள இடமில்லை.

தராசு சொன்ன எடையெல்லாம் சேர்ந்த பிறகு, குச்சியால் கலக்கி, அதன் நுனியில் ஒட்டியதை மூடியின் ஓரத்தில் ஒரு தீற்றல் தீற்றுகிறார் கலவைக்காரர். காற்றில் ஆட்டிக் காயவிடுகிறார். வாசலுக்கு எடுத்துப் போகிறார். கண்ணைச் சுருக்கிக்கொண்டு மூடியை இப்படியும் அப்படியும் சாய்க்கிறார். பக்கத்தில் நிற்கும் பெயிண்டர் சொல்கிறார்: “அண்ணே, கலர் கிட்ட வந்துடுச்சு. ஆனா பளிச்சுன்னு நிக்குது. கொஞ்சம் அழுக்குப் பண்ணணும்.” கறுப்பு வேண்டாம், ஒரு துளி ஓக்கர் மஞ்சள் போடலாம் என்று பதில் வருகிறது. தின்னர் நனைத்த துணியால் பழைய தீற்றலைத் துடைத்துவிட்டு அடுத்த தீற்றல்.

இந்தப் பேச்சை நான் ரசித்துக் கேட்பதற்குக் காரணம் உண்டு. 1905-இல் ஆல்பர்ட் மன்செல் என்ற அமெரிக்க ஓவிய ஆசிரியர் நிறங்களுக்கு ஒரு முறைமை எழுதினார். எந்த நிறத்தையும் மூன்று கேள்விகளால் பிடித்துவிடலாம் என்றார்: எந்தச் சாயல், எவ்வளவு வெளிச்சம், எவ்வளவு செறிவு. 1931-இல் சர்வதேச ஒளியூட்டல் ஆணையம் நிறத்தை எண்களால் குறிக்கும் முறையை வகுத்தது. இன்று மூன்று நான்கு கோணங்களில் ஒளியைப் பாய்ச்சி நிறத்தைப் படிக்கும் கருவிகள் பெரிய சர்வீஸ் சென்டர்களில் இருக்கின்றன. கலர் கிட்ட வந்துடுச்சு, பளிச்சுன்னு நிக்குது, அழுக்குப் பண்ணணும் என்று கடை வாசலில் நின்றபடி சொன்ன ஆள் அதே மூன்று கேள்விகளைத்தான், அதே வரிசையில், கேட்டுக்கொண்டிருக்கிறார்.

எந்த வெளிச்சத்தில் கேட்கிறார் என்பதையும் கவனியுங்கள். பட்டறையின் தகரக் கூரைக்குக் கீழே நீலத் தார்ப்பாய் கட்டியிருந்தால் வெள்ளைக் கதவு நீலத்தைக் குடித்துவிடும். பச்சை நிழல்வலை கட்டியிருந்தால் பச்சை. வேப்பமர நிழல்கூடச் சும்மா இருப்பதில்லை. இலைகளின் ஊடாக வடிந்து வருகிற ஒளியில் ஒரு பசுமை கலந்துதான் வருகிறது. சோடியம் விளக்கின் கீழ் சேர்த்த நிறம் காலையில் வேறொன்றாக எழுந்து நிற்கும். இரண்டு கலவைகள் ஒரு விளக்கின் கீழ் இரட்டையராகத் தெரிந்து, இன்னொரு விளக்கின் கீழ் அந்நியராகிவிடுவது நிறவியலில் நன்கு அறிந்த விந்தை. வேறு வேறு மூலநிறங்களால் செய்த ஒரே நிறம் அப்படித்தான் நடந்துகொள்ளும். ஆகவே தேர்ந்தவர்கள் காரைத் திறந்த வெளிக்குத் தள்ளிக்கொண்டு வருகிறார்கள். காலை வெயில் ஏறிய பிறகு, உச்சி வெயிலுக்கு முன்பு, மஞ்சள் மாலைக்கு வெகு முன்பு. முதலில் வெயிலில் ஒரு பார்வை, பிறகு வானம் மட்டும் வெளிச்சம் தரும் கட்டட நிழலில் ஒரு பார்வை. இரண்டிலும் ஒத்துப்போனால்தான் தலையாட்டல்.

சிவப்பை வெகுநேரம் பார்த்தால் கண் சிவப்புக்குச் சோர்ந்துவிடும். அடுத்துப் பார்ப்பதெல்லாம் பச்சை பூத்துத் தெரியும். அப்போது தலையை நிமிர்த்தித் தூரத்தைப் பார்க்க வேண்டும். கள்ளக்குறிச்சியில் மேற்கே நிமிர்ந்தால் கல்வராயன் இருக்கிறது. ஊரிலிருந்து பார்த்தால் சாம்பல் தோய்ந்த நீலம். கச்சிராயபாளையம் போனால் அதே மலை நீலத்தை உதறிப் பசும்சாம்பலாகிறது. கோமுகி அணைக்கரையில் நின்றால் இலை இலையாகப் பச்சை. நடுவில் இருக்கும் காற்றின் கனம் மாற மாற மலையின் நிறமும் மாறுகிறது. அந்த மலையை நாள்தோறும் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு நிறம் என்பது பொருளில் மட்டும் இருப்பதில்லை என்று யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை.

இனி வெள்ளி நிறம். மெட்டாலிக் என்று சொல்கிறோமே, அதன் உள்ளே அலுமினியத்தின் மிக நுண்ணிய செதில்கள் மிதக்கின்றன. ஒவ்வொரு செதிலும் ஒரு குட்டிக் கண்ணாடி. நேராகப் பார்த்தால் ஒளியைத் திருப்பி முகத்தில் அடிக்கும். பக்கவாட்டில் பார்த்தால் இருண்டு ஒதுங்கும். காரைச் சுற்றி நடந்தால் கதவு மெல்ல வெளுத்து, மெல்லக் கறுத்து, வளைவுகளில் ஒளி ஓடுவது அந்தச் செதில்களால்தான். ஆகவே வெள்ளியைச் சேர்ப்பவர் இரண்டு நிறங்களைச் சேர்க்கிறார்: நேர்முகம் ஒன்று, பக்கமுகம் ஒன்று. நேராக ஒத்துப்போய்ப் பக்கவாட்டில் விலகினால் அது சேர்ந்ததாகாது.

இதில் கலவை பாதி, கை மீதி. அதே டப்பாவிலிருந்து எடுத்த அதே வெள்ளியை ஒருவர் ஈரமாக, நெருக்கமாக அடித்தால் செதில்கள் நிதானமாக உள்ளே அமிழ்ந்து தாறுமாறாகக் கிடக்கும், நிறம் கறுக்கும். இன்னொருவர் காற்றைக் கொஞ்சம் கூட்டி, ஸ்ப்ரே கன்னைத் தள்ளிப் பிடித்து, உலர்வாக அடித்தால் செதில்கள் மேலேயே தட்டையாகப் படிந்துகொள்ளும், நிறம் வெளுக்கும். தின்னர் சீக்கிரம் பறக்கிற கோடையில் ஒருவிதம், ஐப்பசி ஈரத்தில் ஒருவிதம். கம்ப்ரசரின் முள்ளைப் பார்த்து, கன்னின் திருகைக் கால் சுற்றுத் திருப்பி, வெறும் காற்றில் ஒரு வீச்சு வீசிப் பார்க்கிற மணிக்கட்டின் அசைவில் இத்தனையும் அடங்கியிருக்கிறது. ஒரு சொட்டு நிறம் கூடச் சேர்க்காமல், வீச்சின் வேகத்தால் மட்டுமே ஒரு வெள்ளியை அரை இழை வெளுக்க வைக்கும் கையைப் பார்ப்பது பெரும் பேறு.

அதனால்தான் காரின் மேல் அடிப்பதற்கு முன் ஓர் அட்டையில் அடித்துப் பார்க்கிறார்கள். அதே கன், அதே காற்று, அதே கை. நிறம் காய்ந்ததும் பளபளப்பில்லாமல், மாவு பூசியதைப் போல மங்கித் தெரியும். அதைப் பார்த்துப் பயந்துவிடக்கூடாது. மேலே கிளியர் விழுந்த கணத்தில் நிறம் உள்ளே இறங்கி ஆழமாகிறது. அந்த ஆழத்தோடுதான் கதவின் அருகில் பிடித்துப் பார்க்க வேண்டும். முத்து வெள்ளை என்கிற பேர்ல் ஒயிட்டுக்கு இந்த அட்டை இன்னும் அழகாகிறது. சில பேர்ல் வெள்ளைகளில் அடியில் ஒரு வெள்ளை, நடுவில் மைக்கா மிதக்கும் ஒளிபுகும் படலம், மேலே கிளியர். மைக்காத் துகள்களின் மேல் டைட்டானியம் டையாக்சைடின் மெல்லிய தோல். அதன் பருமனைப் பொறுத்து ஒளி பொன்னாகவோ இளநீலமாகவோ திரும்புகிறது. நடுப்படலம் எத்தனை வீச்சு என்பதைப் பொறுத்து மொத்த நிறமும் மாறும். அதனால் ஒரே அட்டையை நான்கு பட்டைகளாக மறைத்து, ஒவ்வொரு வீச்சுக்கும் ஒரு பட்டையாகத் திறந்து அடிக்கிறார்கள். கடைசியில் கையில் இருப்பது ஒரு வீச்சு, இரண்டு வீச்சு, மூன்று, நான்கு என்று படிப்படியாகக் கனியும் முத்தின் வரிசை. கதவின் மேல் வைத்து நகர்த்தினால் ஏதோ ஒரு பட்டையின் விளிம்பு திடீரென்று காணாமல் போகிறது. கதவுக்கு எத்தனை வீச்சு என்று தெரிந்துவிட்டது.

கன்னெல்லாம் தேவைப்படாத சின்னக் காயங்களும் உண்டு. முன்னால் போகிற லாரியின் சக்கரம் தெறித்த ஜல்லி பானெட்டில் மிளகளவு பள்ளம் பறித்திருக்கும். அதற்கு ஒரு மெல்லிய தூரிகை. அதுவும் தடிப்பாகப் பட்டால் பல் குத்தும் குச்சி. நுனியில் ஒரு மணி நிறத்தை ஏந்தி, பள்ளத்தின் நடுவில் தொட்டும் தொடாமலும் இறக்கினால், அது தானாகவே ஓரம் வரை பரவி நிற்கிறது. கோலத்துக்குப் புள்ளி வைக்கிற விரலின் அதே கணக்கு. தின்னர் ஆவியாகப் போகப் போகச் சொட்டு சுருங்கிப் பள்ளம் மறுபடி தலைகாட்டும். காத்திருந்து இன்னொரு சொட்டு. மறுபடி காத்திருந்து இன்னொன்று. சுற்றிலும் உள்ள பூச்சை விட ஒரு மயிரிழை மேடாக வந்ததும் நிறுத்தி, நாள் கணக்கில் காயவிட்டு, 2000 நம்பர் வாட்டர் பேப்பரைத் தண்ணீரில் நனைத்து அந்த மேட்டை மட்டும் வருடிச் சமமாக்குகிறார்கள். அவசரக்காரர் ஒரே சொட்டில் நிரப்பிவிடுவார். அது காய்ந்ததும் நடுவில் குழிந்து, ஓரத்தில் வரம்பு கட்டிக்கொண்டு நிற்கும்.

கதவில் அடிக்கும்போது உள்ள பேரழகு விளிம்பில் இருக்கிறது. எவ்வளவு நெருங்கிய நிறமானாலும் பழையதும் புதியதும் நேர்க்கோட்டில் சந்தித்தால் கண் அந்தக் கோட்டைக் கண்டுபிடித்துவிடும். எனவே கோடே இல்லாமல் செய்கிறார்கள். காயத்தின் மேல் நிறம் முழுமையாக. அங்கிருந்து நகர நகர வீச்சின் முடிவில் மணிக்கட்டை மெல்லத் திருப்பி, நிறத்தைப் பனியாகக் கரைத்து, அடுத்த கதவின் பாதியில் இல்லாமலே போகச் செய்கிறார்கள். கிளியர் மட்டும் இரண்டு கதவுக்கும் முழுதாக. இப்போது புதிய நிறம் எங்கே முடிந்தது என்று அடித்தவருக்கும் தெரியாது. காயம் விரலளவு, அதற்காக இரண்டு கதவுகளில் இந்த மென்மையான மறைவு.

கள்ளக்குறிச்சியின் மரச்சிற்பத்துக்கு 2021-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. சிற்பியின் உளி ஒவ்வொரு மடிப்பிலும் தன் தடத்தை விட்டுப் போகும். அந்தத் தடத்தைத்தான் நாம் தொட்டு வியக்கிறோம். அதே ஊரில் இன்னொரு கை தன் தடம் ஒன்றுகூட இல்லாமல் வேலை செய்கிறது. இரண்டும் இந்த மண்ணின் பெருமைதான் என்று நான் எண்ணுகிறேன். இரண்டாவது கைக்குச் சான்றிதழ் கொடுக்க வந்தவர் எந்தக் கதவைக் காட்டிக் கொடுப்பார்?

இந்தக் கலைக்கு நூறு வயது தாண்டிவிட்டது. ஒரு காலத்தில் கார்களைத் தூரிகையால் வார்னிஷ் பூசி வாரக்கணக்கில் காயவைத்தார்கள். 1923-இல் டூபான்ட் நிறுவனத்தின் டூக்கோ என்ற சீக்கிரம் காயும் லேக்கர் அமெரிக்காவின் ஓக்லாந்து கார்களில் நீலமாக வந்து இறங்கிய பிறகு, வகைவகையான நிறங்கள் தெருவுக்கு வந்தன. அந்தப் பெயர் கடல் தாண்டி வந்து நம் பட்டறைகளிலும் புழங்கியது. அம்பாசிடர்களும் பத்மினிகளும் ஓடிய காலத்தில் கணினியும் கிராம் தராசும் பட்டறையில் இல்லை. கடையில் கிடைக்கும் சில நிறங்களை வாங்கி, கொட்டாங்குச்சியில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, கண்ணாலேயே அம்பாசிடரின் முதிர்ந்த வெள்ளையைப் பிடித்தார்கள். இன்று கலவைக்கடை வாசலில் மூடியைச் சாய்த்துப் பார்க்கிற கண் அவர்களிடமிருந்து வந்தது.

நன்றாகச் சேர்ந்த கதவை மலைக்குக் கொண்டுபோய்ப் பாருங்கள். சின்னக் கல்வராயன் சராசரி 2,700 அடி. பெரிய கல்வராயன் 4,000 அடி. கீழே வெயிலில் செதில்கள் துள்ளுகின்றன. வெள்ளியின் நேர்முகமும் பக்கமுகமும் துல்லியமாகப் பிரிந்து தெரிகின்றன. கை செய்த பிழை இருந்தால் அங்கே அகப்படும். மேலே மார்கழி மூடுபனியில் ஒளி எல்லாப் பக்கமிருந்தும் சமமாக, மிருதுவாக வருகிறது. செதில்களின் ஆட்டம் அடங்கிவிடுகிறது. துள்ளல் போனபின் சாயல் மட்டும் மிஞ்சுகிறது. கலவையில் மஞ்சள் ஒரு சொட்டு தவறியிருந்தால் இங்கே அகப்படும். வெள்ளிமலைச் சந்தையோரம் பனியில் நிற்கும் ஒரு ஜீப்பின் இரண்டு கதவுகள் ஒரே நிறமாகத் தெரிந்து, கீழே இறங்கி நால்வழிச் சாலையின் நண்பகலிலும் அப்படியே தெரிந்தால், மூடியை வெயிலிலும் நிழலிலும் மாற்றி மாற்றிப் பார்த்த அந்த இரண்டு பார்வைகளும் பலித்துவிட்டன.

வேலை முடிந்து மிஞ்சிய நிறத்தைச் சின்னப் புட்டியில் ஊற்றி, காற்றுப் புகாமல் மூடி, வண்டிக்காரரிடம் கொடுத்துவிடுவது நல்ல பட்டறைகளின் பழக்கம். புட்டியின் மேல் மாஸ்கிங் டேப் ஒட்டி, பேனாவால் எழுதியிருக்கும்: ஆலைக் குறி, கூடவே கண்ணால் சேர்த்தது, கறுப்பு இரண்டு சொட்டு, ஓக்கர் ஒன்று. அடியில் மாதமும் வருடமும். “தம்பி, இது இந்த வருஷத்துக் கலர். ரெண்டு கோடை போச்சுன்னா இதை வைக்காதீங்க, வண்டியைக் கொண்டாங்க, இன்னொரு சொட்டு கேக்கும்.”